கிளப்புக்கு அஞ்சாவது பேரு

"மழைதாம்மா. மழைன்னே எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு ஜெயசீலன் கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியால தொடச்சாரு. கண்ணாடியில அழுக்கு ஒண்ணும் இல்ல. தொடைக்கிற நேரத்துக்கு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி மங்கலாத் தெரியும், அதுக்காகத் தொடச்சாரு. எதிர்ல உக்காந்திருந்தது ப்ரிஸில்லா, இன்பநாதன் மக. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பி.டி. டீச்சர், சாயந்திரத்துல கிளப்போட பொண்ணுங்க டீமுக்குக் கோச். மடியில பழைய விழா மலர் ஒண்ணை விரிச்சு வெச்சிருந்தா. தொண்ணூத்திமூணுல கிளப்போட வெள்ளி விழாவுக்குப் போட்டது, செல்லரிச்சு ஓரமெல்லாம் சல்லடையா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல காலரிப் படியில அவ போன், பதிவு ஆவுதுன்னு சொல்ற சிவப்புப் புள்ளியோட. "நெஜமாவா அங்கிள்? மழைன்னு மாத்திடலாமா?"ன்னு மறுபடியும் கேட்டா. மலர்ல மழைன்னு இல்ல. 'ஒரு ஆட்டக்காரரின் தாமதத்தால் நமது தாய்க் கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட நேர்ந்தது'ன்னு இருந்துச்சு. அந்த ஒரு ஆட்டக்காரர் யாருன்னு பேர் போடல. போட வேண்டிய அவசியமும் இல்ல, புளியந்தோப்புல இருந்து வியாசர்பாடி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டக்காரர், ப்ரிஸியோட அப்பன் இன்பா, இப்ப எதிர்ல கிரவுண்டுக்குள்ள குனிஞ்சு, அடியில ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னை ஆட்டி ஆட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருந்தான். மூணே முக்காலுக்கு மேட்ச். இந்தப் பேர்ல கடைசி மேட்ச். "மாத்திடும்மா, மழை பெய்ஞ்சது நெஜம்தானே"ன்னாரு ஜெயசீலன். பொய் இல்ல. அன்னிக்குப் பெய்ஞ்ச மழையில ரயில்வே சப்வேயில பஸ் முழுகுச்சு. ஆனா மழைக்கு மேல பழி போட்டா மழை வந்து இல்லன்னு சொல்லாது, இன்பாவை மாதிரியே. "தேங்க்ஸ் அங்கிள்"னு ப்ரிஸி சொன்னா. ஜெயசீலன் கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு.

ஒரு பக்கம் எழுதித் தரணுமாம். ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனி ஒண்ணு கிளப்பை எடுத்துக்குது. நாளையில இருந்து பேரு ப்ளூ கேட் எஃப்.சி. கேட்டும் நீலம் இல்ல, இந்த கிரவுண்டுக்குக் கேட்டே இல்ல, கேட்டை எவனோ ரெண்டாயிரத்தெட்டுலயே பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். கம்பெனிக்காரப் பையன் வந்தப்ப, "சார், எங்களுக்கு ஒரு ஹிஸ்டரி வேணும், நெட்ல போடறதுக்கு"ன்னான். ஹிஸ்டரிக்கு என்ன குறைச்சல், அதான் கிளப்புக்கு நாலு பேரு இருக்கே. "முதல்ல வாட்டர் டேங்க் பிரதர்ஸ், போட்டுக்கோ. அறுபத்தெட்டு"ன்னு ஜெயசீலன் ஆரம்பிச்சாரு. ஹவுசிங் போர்டு தண்ணி டேங்குக்குக் கீழ ஆடினவங்க ஆரம்பிச்சது. டேங்க் ஒழுவும், அதனால அந்த எடத்துல மட்டும் புல்லு நல்லா வளர்ந்துச்சு, வேற எந்த வசதியும் அரசாங்கம் செய்யல. எண்பத்திமூணுல லீக்ல பேரை அடிச்சப்புறம் கால்வாய்க்கு அந்தாண்ட இருந்த கேனால் ரோவர்ஸோட சேர்ந்தோம், கேனால் டேங்க் யுனைடெட். "பேரைக் கேட்டா பொதுப்பணித் துறை டெண்டர் மாதிரி இருக்குன்னு ரெஃப்ரீயே சிரிச்சாரு"ன்னதும் ப்ரிஸியும் சிரிச்சா. சிரிச்சா அவளுக்கு அப்பிடியே அவங்கப்பன் பல்லு. தொண்ணூத்தொண்ணுல கல்யாண மண்டபம் வெச்சிருந்த ஒருத்தர் கையில போச்சு, ஸ்ரீ லட்சுமி மஹால் யுனைடெட்டுன்னு. முகூர்த்த நாள்ல மேட்ச் வந்தா பசங்களுக்குப் பந்தி உண்டு. சாம்பார் சாதமும் அப்பளமும் முழுங்கிட்டு எவன் ஓடுவான், அந்த சீசன்ல ஜெயிச்சதெல்லாம் ஆடி மாசத்துல ஜெயிச்சது. வெள்ளி விழா மலரும் அந்தக் காலத்துலதான். அப்பறம் ரெண்டாயிரத்து நாலுல ஒரு ஸ்கூல்காரங்க எடுத்து வின்னர்ஸ் மெட்ரிகுலேஷன் எஃப்.சி.ன்னு வெச்சாங்க, வெச்ச வருசமே எல்லாத்துலயும் தோத்து ஒரு டிவிஷன் கீழ எறங்கினோம். "அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்துல போடு"ன்னாரு. ப்ரிஸி விழுந்து விழுந்து சிரிச்சா. நல்லாப் பேசிக்கிட்டே போகலாம். இப்பிடியே மூணே முக்கால் வரைக்கும் பேசலாம். நாப்பது வருசமா இப்பிடித்தானே பேசிக்கிட்டு இருக்காரு, ஜெயசீலன் சார் பேசினா நேரம் போறதே தெரியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போற நேரம் எங்க போவுதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை தவிர, ஒவ்வொரு தடவை பேரு மாத்தறப்பவும் தீர்மானம் எழுதினது அவரு கைதான். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சவரு, இங்கிலீஷ்ல 'வி தி அண்டர்சைன்ட்'னு ஆரம்பிச்சு ஒரு லெட்டரைத் தப்பில்லாம முடிக்கத் தெரிஞ்சவரு கிளப்புலயே அவர் ஒருத்தர்தான். அதனால செகரட்டரி. மண்டபத்துக்காரர் வந்தப்ப கிழவங்க எல்லாம் குதிச்சாங்க, டேங்குன்ற ஒரு வார்த்தையாவது இருக்கட்டும்டான்னு கேப்டன் துலுக்காணம் கிட்டத்தட்ட கெஞ்சினாரு. வாட்டர் டேங்க் பிரதர்ஸைத் தொடங்கினதே அவருதான். ஜெயசீலன்தான் எழுந்திரிச்சு, காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்ணேன்னு பேசினாரு. நல்லாப் பேசினாரு. கை தட்டினாங்க. ஸ்கூல்காரங்க வந்தப்பவும் முதல் கையெழுத்து அவருது. இவன் எப்பவும் முன்னேற்றம் பாக்கறவன்யான்னு பேர் வாங்கினாரு. முன்னேற்றமாவது ஒண்ணாவது. ஒரு பேரு மாறினா அந்த மழை பெய்ஞ்ச நவம்பர் செவ்வாக்கிழமை ஒரு சுவருக்கு அந்தாண்ட போவுதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. ரெண்டு பேரு மாறினா ரெண்டு சுவரு. இப்ப நாலாவது சுவரு எழும்பப் போவுது, ப்ளூ கேட்டுன்னு, இதுக்கப்பறம் வாட்டர் டேங்க்னு ஒரு கிளப்பு இருந்ததையே எவனும் பேசமாட்டான், அன்னிக்கு மைதானத்துல எத்தன பேர் நின்னாங்க எத்தன பேர் நிக்கலன்னு எவனும் எண்ண மாட்டான், அப்பாடான்னு இருந்துச்சு போன மாசம் கையெழுத்துப் போட்டப்ப. ஆனா அந்தக் கம்பெனிப் பையன் பாரு, கடைசிச் சுவரு கட்ட வந்தவன் ஹிஸ்டரி வேணும்ன்றான். அதை எழுத இந்தப் பொண்ணுதான் கெடைச்சாளா. வேற யாரும் இல்லையா இந்த ஊர்ல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க. மலர்ல அந்த வரியையும் அவருதான் எழுதினாரு. 'ஒரு ஆட்டக்காரரின் தாமதத்தால்.' ராத்திரி முழுக்க உக்காந்து எழுதல, மத்தியானம் சோப்புக் கம்பெனி கேன்டீன்ல, தயிர் சாதத்துக்கும் மோர் மொளகாக்கும் நடுவுல, அஞ்சு நிமிசத்துல எழுதினாரு. எழுதிட்டுப் படிச்சுப் பார்த்து, பேர் போடாம விட்டது பெருந்தன்மைன்னு வேற நெனச்சுக்கிட்டாரு. மனுசன் மனசு இருக்கே, அது எவ்வளவு சுளுவா வெள்ளைச் சட்டை மாட்டிக்குது.

"நான் அப்பாவையே கேட்டேன் அங்கிள்"னா ப்ரிஸி. சிரிப்பு நின்னுருந்துச்சு. "இன்னா சொன்னான்?" "அதெல்லாம் எனக்குத் தெரியாது, சீலன் அங்கிள் கிட்ட போய்க் கேளு, அவன் படிச்சவன், தப்பா சொல்ல மாட்டான்னாரு." ஜெயசீலன் மறுபடியும் கண்ணாடியைக் கழட்டினாரு, தொடைக்கறதுக்குச் சட்டை நுனி எங்கன்னு தேடினாரு. அவ நிறுத்தல. "ஸ்கூல்ல என்னை வாக்கோவர் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க, தெரியுமா? ரிலேல ஓடி முதல்ல வந்தாக் கூட. எதிர் டீம் வரலையா, வாக்கோவரான்னு கேப்பாங்க. எனக்கு அப்ப அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது. ஏதோ கெட்ட வார்த்தைன்னு நெனச்சு அம்மா கிட்ட கேக்கவே மாட்டேன்." "பசங்க அப்பிடித்தாம்மா." "பசங்களா? எங்க கல்யாணத்துல மாப்ள வரதுக்குக் கொஞ்சம் லேட் ஆச்சு. வாக்கோவர் வீட்டுக்கே வாக்கோவரான்னு பெரியவங்கதான் சிரிச்சாங்க. எங்கப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு." அந்தக் கல்யாணத்துல ஜெயசீலனும் இருந்தாரு. முதல் வரிசையில. சிரிச்சாரா? சிரிச்சிருப்பாரு. சிரிக்காம இருந்தா கவனிப்பாங்கன்னு சிரிச்சிருப்பாரு. "அன்னிக்கு அப்பா ஓடித்தான் வந்தாருன்னு அம்மா சொல்லும். பஸ் சப்வேத் தண்ணியில நின்னுச்சு, எறங்கி இடுப்பு வரைக்கும் தண்ணியில நடந்து, அப்பறம் ஓடி வந்தாருன்னு. ஆனா அதுக்குள்ள ரெஃப்ரீ விசில் அடிச்சிட்டாரு. நாலு நிமிசம். நாலே நிமிசம் அங்கிள்." அப்பறம் கொஞ்சம் தணிஞ்ச குரல்ல, "நீங்க அன்னிக்கு டைபாய்டுல படுத்திருந்தீங்களாமே. ஜெயசீலன் மட்டும் எழுந்து வந்திருந்தா கிளப்பு பொழச்சிருக்கும், பாவம் அவனுக்கு ஜொரம்னு அப்பா இன்னிக்கும் சொல்லுவாரு"ன்னா.

கிரவுண்டுல இன்பா கோட்டை முடிச்சு நிமிர்ந்து, இடுப்புல கை வெச்சு, போட்ட கோட்டைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு நின்னான். அவன் போடற கோடு ஒரு இம்மி கோணாது. லெஃப்ட் விங்குல அவன் பந்தை எடுத்துக்கிட்டு ஓடினா அந்தக் கோட்டு மேலயே ஓடுவான், பந்து கோட்டைத் தாண்டாது, ஆளும் உள்ள வரமாட்டான், மறிக்க வந்த பேக்கு பைத்தியம் புடிச்சு நிப்பான். இருபத்திநாலு வயசுல ஆட்டத்தை விட்டுட்டான். கேனால் டேங்க்ல அவனை உள்ள எறக்கினாலே ரோவர்ஸ்காரங்க வாக்கோவர் வாக்கோவர்னு ஊளை விடுவாங்க. சொந்த டீம்காரங்களே. ஒரு நாள் பாதி ஆட்டத்துல சட்டையைக் கழட்டிக் கோட்டு மேல மடிச்சு வெச்சுட்டுப் போனான், அதுவும் மடிச்சு வெச்சுட்டு. அப்பறம் கோடு போடற வேலை. டைபாய்டு. டைபாய்டுன்னு யாரு சொன்னது, ஜொரம்னுதான் ஜெயசீலன் சொல்லியனுப்பினாரு, துலுக்காணத்துக்கிட்ட, தங்கச்சி மூலமா. ஜொரம் டைபாய்டு ஆனது இன்பா கைங்கரியமா இருக்கும். சிநேகிதன் வராததுக்கு வெறும் ஜொரம் பத்தாதுன்னு அவனா மனசுல பெருசாக்கிக்கிட்டிருப்பான். ஒரு டீம்ல ஏழு பேர் இருந்தாத்தான் ரெஃப்ரீ ஆட்டம் ஆரம்பிப்பாரு, ஆறு பேர்னா எதிராளிக்கு வாக்கோவர், ஒரே சீசன்ல ரெண்டு வாக்கோவர் கொடுத்தா லீக்ல பேரை அடிச்சிடுவாங்க. முதல் வாக்கோவர் துலுக்காணத்தோட அப்பா செத்த அன்னிக்கு, டீம் மொத்தமும் பாடை தூக்கப் போயிடுச்சு, அதுல யாருக்கும் வருத்தம் இல்ல. ரெண்டாவதுதான் அந்தச் செவ்வாக்கிழமை. பாதிப்பேர் ஹார்பர்ல லோடு எறக்கறவங்க, லீவு கெடைக்கல. மழை விட்டுத் தரை சேறா இருந்துச்சு. நடு வட்டத்துக்கிட்ட துலுக்காணத்தோட சேர்த்து ஆறு பேர், ஜெர்சி போட்டு, வரிசையா. துலுக்காணம் தோள்ல ரெண்டு ஜெர்சி தொங்குது. ஒண்ணு இன்பாவுது, பதினொண்ணு. இன்னொண்ணு நாலாம் நம்பர், ஜெயசீலனோடது, ஜொரம்னு தெரிஞ்சும் எடுத்துட்டு வந்திருந்தாரு. அதெல்லாம் எப்பிடித் தெரியும் ஜெயசீலனுக்கு? தெரியும். கிரவுண்டு ஓரத்துல இருந்த தண்ணி மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நின்னுதான் பார்த்தாரு. முப்பது தப்படி இருக்கும். பையில பூட்ஸ். பையில இல்ல. ஒரு பூட்ஸ் பையில. இடது பூட்ஸ் கால்ல, கயிறு கட்டியாச்சு. வலது கால் வெறும் கால், சேத்துல. நாப்பது வருசமா அந்த எடத்துலதான் நெனப்பு வந்து வந்து இடறுது. ரெண்டு பூட்ஸும் போடலன்னா வரவே எண்ணமில்லன்னு சொல்லிக்கலாம். ரெண்டும் போட்டிருந்தா பயந்துட்டேன்னு சொல்லிக்கலாம். ஒத்தை பூட்ஸுக்கு என்ன சொல்றது. ரெஃப்ரீ வாட்சைப் பார்த்தாரு. துலுக்காணம் சப்வே பக்கம் பார்த்தாரு, ஒரு தடவை மோட்டார் ரூம் பக்கமும் திரும்பினாரு, பார்த்தாரா, பார்த்திருந்தா கூப்பிட்டிருப்பாரு, கூப்பிட்டிருந்தா போயிருப்பேன், கூப்பிடலையே. கூப்பிடலையேன்னு செத்துப்போன மனுசன் மேல பழி போடறதுக்கு இன்னும் ஆசை வருது பாரு. விசில். எதிர் டீம் ஃபார்வர்டு ஒருத்தன் நடுவுல பந்தை வெச்சு, தட்டி, ஆளே இல்லாத கோலுக்குள்ள மெதுவா உருட்டிக்கிட்டே போனான். வாக்கோவர்ல அப்பிடி ஒரு கோல் போடணும், அப்பத்தான் முடிஞ்சதாக் கணக்கு. சேத்துல பந்து நின்னு நின்னு போச்சு. ஆறு பேரும் கோட்டுக்கு வெளிய நின்னு அதைப் பார்த்தாங்க. அப்பத்தான் இன்பா வந்தான். இடுப்புக்குக் கீழ சாக்கடைத் தண்ணி, மூச்சு இரைக்குது, சிரிச்சுக்கிட்டே வந்தான், வந்துட்டேண்ணேன்னு. துலுக்காணம் அவன் கன்னத்துல அடிச்சாரு. அந்தச் சத்தம் முப்பது தப்படிக்குக் கேட்டுச்சு. இன்பா அவர் தோள்ல இருந்த தன்னோட ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கிட்டான். மேட்ச் இல்லன்னு தெரிஞ்சும் போட்டுக்கிட்டான். ஜெயசீலன் இடது பூட்ஸைக் கழட்டினாரு.

எதுக்காக? சோப்பு. சோப்புக் கம்பெனி டீம் மேனேஜர் அதுக்கு முந்தின வாரம்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான், இந்த மாசக் கடைசிக்குள்ள உன் ஆட்டக்காரர் கார்டு எங்க டீமுக்கு மாறிச்சுன்னா பேக்கிங் செக்ஷன்ல ஒரு எடம், இல்லன்னா வேற ஆள் பார்த்து வெச்சிருக்கேன்னு. சீசன் நடுவுல டீம் மாற முடியாது. ஆனா லீக்ல பேரை அடிச்ச கிளப்புன்னா அதுல ஆடறவங்க அன்னிக்கே ஃப்ரீ, யாருக்கு வேணா கையெழுத்துப் போடலாம். ஆக ஜெயசீலன் ஆட வேணாம்னு மட்டும் இல்ல, கிளப்பு சாவணும். அன்னிக்கே சாவணும். ஒத்தைக் கால் சேத்துல நின்னுக்கிட்டு அவரு வேண்டினது அதுதான், சாமி அந்த சப்வேத் தண்ணி வடியக் கூடாதுன்னு. முப்பத்திநாலு வருசம் பேக்கிங், அப்பறம் ஸ்டோர், அப்பறம் ஆபீஸ். நாலு வருசம் கம்பெனி டீம்ல பின்வரிசை ஸ்டாப்பரா ஆடிட்டு, முட்டி போனதும் பழைய ஆளுங்க கிட்டயே வந்தாரு. வாடா படிச்சவனேன்னு துலுக்காணமே செகரட்டரி பலகையில உக்கார வெச்சாரு, இன்பாவை அடிச்ச அந்தக் கையாலதான். கம்பெனி கொடுத்த நேரத்துலதான் ராத்திரிப் பள்ளிக்கூடம். தங்கச்சி கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன், ரெண்டு ரூம் வீடு, எல்லாம் அந்த ஒத்தைக் கால்ல நின்னு வந்தது. உடம்புல சோப்பு வாசனை போவவே போவாது, மல்லிப்பூ வாசனைச் சோப்பு. பஸ்ல பொம்பளைங்க திரும்பிப் பார்ப்பாங்க. ஊர்லயே சுத்தமான ஆளு. அந்த நாள் திரும்ப வந்தா? அப்பிடித் தன்னைத்தானே கேட்டுக்கிட்டா, போவேன், முப்பது தப்படி ஓடிப் போயி வரிசையில நிப்பேன்னு சொல்ல வாய் வராது. அம்மா மூஞ்சி குறுக்க வரும். மறுபடியும் அங்கேயே நிப்பேனோன்னு தோணும். அதான் அசிங்கம். செஞ்சதுகூட இல்ல, இன்னொரு தடவையும் செய்வேன்னு தெரியுது பாரு, அது. சரி, நின்னதுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு. அந்த வரி எழுதினதுக்கு? தொண்ணூத்திமூணுல வேலை பர்மனென்ட். எவனும் புடுங்க முடியாது. அப்பவே மழைன்னு எழுதியிருக்கலாமே. ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். தயிர் சாதத்துக்கு நடுவுல, யாரும் கழுத்துல கத்தி வெக்காம, தானா எழுதினது. ஏன்னா யாராவது ஒருத்தன் தாமதமா வந்தாத்தான் இன்னொருத்தன் வராம இருந்தது தெரியாது.

"அங்கிள், மழைன்னு ஒரு வரி போதுமா?"ன்னு ப்ரிஸி கேட்டா. பேனாவைத் தெறந்து மலர்ல அந்த வரியை அடிக்கப் போனா, அப்பறம் பழைய புக்காச்சேன்னு அடிக்காம நிறுத்தினா. "'கனமழையால் ஆட்டக்காரர்கள் வர இயலாததால்'. சரியா?" "சரிதாம்மா." "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். செகரட்டரி அங்கிளே சொன்னாருன்னு சொல்லுவேன். சந்தோஷப்படுவாரு." மழைன்னு போட்டா இன்பாவுக்கு நல்லதுதானே. பேரு கழுவினாப்பல ஆச்சு. இவருக்கும் நல்லது. ரெண்டு பேருக்கும் நல்லதுன்னா அப்பறம் என்ன, எழுந்திரிச்சுப் போய் டாஸுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கலாம், மாலையை ஐஸ் பெட்டியில வெச்சாங்களான்னு பார்க்கலாம். அவன் சந்தோஷப்படுவான். எனக்கு இன்னொரு தேங்க்ஸ் சொல்லுவான். சாயங்காலம் கை கொடுப்பான், சுண்ணாம்புக் கையோட, டேய் சீலா நீதாண்டா எனக்குன்னு சொல்லுவான், அதை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயி சோறு திங்கணும். அந்தக் கையை நெனச்சாரு. மழை போதாது. மழை எல்லாருக்கும்தான் பெய்ஞ்சது, அவன் ஒருத்தன்தான் அதுல எறங்கி நடந்தான். "ப்ரிஸி"ன்னாரு. "சொல்லுங்க அங்கிள்." "மழை இல்லம்மா." அவ பேனாவைத் தூக்கிப் பார்த்தா. "எனக்கு ஜொரம் இல்ல. நான் வந்திருந்தேன். அதோ, அந்த மோட்டார் ரூம் இருந்த எடம், இப்ப டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு பாரு, அங்க நின்னேன். ஆறு பேர் நின்னாங்க. ஏழாவது ஆள் நான். போகல." ரொம்ப சின்னதா இருந்துச்சு சொன்னது. நாப்பது வருசம் சுத்தி வந்ததைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு கூட முழுசா ஆகல. மிச்ச மூச்சை என்ன பண்றதுன்னு தெரியாம, "எனக்கு வேலை கெடைக்கணும்னா கிளப்பு போவணும், அதான்"னாரு. அப்பறம், "அந்த மலர்ல எழுதினதும் நான்தான்"னாரு. காரணம் சொல்ற குரல் எப்பிடியோ உள்ள வந்துடுச்சுன்னு அவருக்கே கேட்டுச்சு.

ப்ரிஸி டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பார்த்தா, அங்க இருந்து நடு வட்டம் வரைக்கும் பார்த்தா. பி.டி. டீச்சர், தூரத்தைக் கண்ணாலயே அளப்பா. "அவ்வளவு கிட்டவா"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னு தலையாட்டினாரு. திட்டுவான்னு நெனச்சாரு, திட்டினா நல்லா இருக்கும்னு கூட நெனச்சாரு. அவ போனை எடுத்து, சிவப்புப் புள்ளியை அணைச்சு, பேசினது மொத்தத்தையும் அழிச்சா. கிளப்போட நாலு பேரும், மஹால் பந்தியும், ஜோக்கும், எல்லாமும் போச்சு. "இதை நான் எழுதமாட்டேன் அங்கிள்"னா. "உனக்கு எது சரின்னு..." "உங்களுக்காக இல்ல. எங்கப்பா இதை நெட்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான் சொல்லியும் தெரிஞ்சுக்கக் கூடாது. என்கிட்ட சொன்னா உங்களுக்கு லேசாயிடுச்சா?" இல்லன்னு சொல்ல வந்தாரு. கொஞ்சம் லேசாத்தான் ஆகியிருந்துச்சு. அது இன்னும் கேவலமா இருந்துச்சு. அவ மலரை மூடி மடியில கவுத்து வெச்சா, அவரைப் பார்க்காம. "நாளைக்குக் காலையில கம்பெனிக்குக் கொடுக்கணும். நீங்க அவர்கிட்ட பேசற வரைக்கும் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாம வெக்கிறேன்"னா.

"டேய் சீலா! இன்னாடா அங்க பொண்ணுகிட்ட குந்திக்கினு கதை வுட்டுக்கினு கீற?" கிரவுண்டு நடுவுல இருந்து இன்பா கத்தினான். ஒரு கையில கயிறு. "பெனால்ட்டி பாக்ஸ் அளக்கணும், இந்தாண்ட மொனையைப் புடிக்க ஒரு ஆள் இல்ல. செகரட்டரின்னா குனிய மாட்டியா? வாடா!"

"வரேன்டா"ன்னாரு ஜெயசீலன். குரல் வெளிய வந்துச்சான்னு சந்தேகமா இருந்ததால இன்னொரு தடவை, "வரேன்"னாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுந்தாரு. முட்டி ரெண்டும் பொறுமையா நிமிர்ந்துச்சு. ப்ரிஸி தள்ளி உக்காந்து வழி விட்டா. படியிறங்கி எல்லைக் கோட்டுக்கிட்ட வந்து நின்னாரு. சுண்ணாம்பு இன்னும் காத்துல லேசாப் பறந்துக்கிட்டு இருந்துச்சு. குறுக்க தாண்டிப் போனா முப்பது தப்படி. புதுக் கோட்டை எவன் தாண்டினாலும் இன்பா தாயைப் பழிச்சுத் திட்டுவான், செகரட்டரின்னும் பார்க்க மாட்டான். கார்னர் வரைக்கும் போயி, கொடி நட்ட எடத்தைச் சுத்தி, இன்னும் சுண்ணாம்பு விழாத கோல் பக்கமா அவன் நின்ன எடத்தைப் பார்த்து நடந்தாரு.